நடுங்குவது கைதான், பக்தி அன்று

பார்க்கின்சன் நோயோடு வரும் மனச்சோர்வைப் பற்றிக் கோயில் செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

எந்த ஊர்க் கோயிலிலும் நாள் தவறாமல் காணும் முகங்கள் சில உண்டு. பிரதோஷத்தன்று நந்திக்கு அருகே இன்ன தூணடியில் இவர் நிற்பார், ஏகாதசியன்று சகஸ்ரநாமப் பாராயணத்தில் முதல் வரிசையில் இவர் அமர்வார் என்று அவர்களுக்கு ஓர் இடமே உரிமையாகிவிடும். அத்தகையவர் ஒருநாள் வராமற்போனால் விசாரிக்கிறோம். மாதக்கணக்கில் வராமற்போனால், "வயதாகிவிட்டது, முடியவில்லை போலும்" என்று நாமே ஒரு விடையைச் சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

அவர்களுள் சிலர் வயதினால் மட்டும் நின்றுபோனவர்கள் அல்லர். தீர்த்தம் வாங்க நீட்டிய கை நடுங்கி, தீர்த்தம் சிந்தியதை நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று நின்றவர்கள் உண்டு. குரல் தேய்ந்துபோய், "கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் மாமி" என்று பிறர் சொல்லக் கேட்டுக் கூசி, பாராயணத்தை விட்டவர்கள் உண்டு. இவர்களுக்கு வந்திருப்பது நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். அந்நோய் கைகால்களோடு நிற்பதில்லை, மனத்தையும் வாட்டுகிறது. அந்த வாட்டத்தைப் பக்திக் குறைவு என்றும், மனவுறுதி இன்மை என்றும், பூர்வ ஜன்ம வினை என்றும் நம் வீடுகளில் எண்ணுவோர் இன்றும் உளர். உண்மை வேறு. அந்தச் சோகமும் நோயின் ஒரு கூறு. அதற்கும் மருத்துவம் உண்டு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்

வாதத்தால் உடல் நடுங்கும் நிலையை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயுர்வேதம் அதனைக் கம்பவாதம் என்கிறது. மேலை மருத்துவத்தில், லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் இந்நோயை முறையாக விவரித்தார். அவர் எழுதியது 6 நோயாளிகளைப் பற்றி மட்டுமே. அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டு கவனித்தே குறிப்பெடுத்தார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளே இன்று உலகப் பார்க்கின்சன் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

அவர் கண்டெழுதியவற்றுள் பெரும்பாலானவை இன்றும் பொருந்துகின்றன. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று அவர் கருதினார். பின்வந்தோரும் நடுக்கம், விறைப்பு, மந்தமான அசைவு ஆகியவற்றையே நோயாகக் கருதினர். நோயாளி மனம் உடைந்து அமர்ந்திருந்தால், "இத்தகைய நோய் வந்தவர் வருந்தாமல் என் செய்வார்?" என்று கூறி அப்பால் சென்றனர். மனம் தனியே கவனிக்கப்படவில்லை.

இந்நோயின் மூலத்தை அறிவதில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் மறைமுகமாகத் துணை புரிந்தது. நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்து ரெசர்பின். சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அதனை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் பொருளைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து நடமாடின. உடலை இயக்குவதில் டோபமினுக்கு உள்ள பங்கு இவ்வாறு தெளிவாயிற்று. இதனையொட்டிய ஆய்வுகளுக்காக 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-களில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய லெவோடோபாவே இன்றளவும் இந்நோய்க்குரிய முதன்மை மருந்து.

சோகம் எங்கிருந்து வருகிறது?

நடு மூளையின் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் டோபமினைச் சுரக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அவை சிறிது சிறிதாக அழிகின்றன. கை நடுங்குவதை வீட்டார் முதன்முதலில் காணும்போது அவற்றுள் ஏறத்தாழப் பாதி அழிந்துவிட்டிருக்கும். நோய் நமக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது.

டோபமின் கைகால்களை இயக்குவதற்கு மட்டும் உரியதன்று. ஒரு செயலில் நாட்டம் கொள்வதும், அதைச் செய்து மகிழ்வதும், நாளைக்கு என்று ஒன்றை எதிர்பார்த்திருப்பதும் அதனோடு தொடர்புடையவை. இந்நோயில் மனநிலையைச் சீராக வைக்கும் செரோடோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் நரம்பணுக்களும் பாதிக்கப்படுகின்றன. எனவே சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மனச்சோர்வு வந்துவிடுகிறது. தமக்கு நோய் இருப்பதையே அவர்கள் அப்போது அறியார். "நோயை எண்ணி எண்ணி மனம் தளர்ந்துவிட்டார்" என்னும் விளக்கம் முழு உண்மை ஆகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

நோயை எண்ணி வருந்துவதும் உண்டுதான். வேட்டியின் முடிச்சைப் போட இயலவில்லை, புடவைக் கொசுவத்தை மடிக்க இயலவில்லை என்னும்போது யாருக்கும் வருத்தம் வரும். இந்த வருத்தமும் மூளையில் நிகழும் மாற்றமும் ஒன்றுசேர்ந்தே மனச்சோர்வாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இந்நோய் உள்ளவர்களுள் மூவரில் ஒருவருக்கேனும் கவனிக்கத்தக்க மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறர் தவறாகப் படிக்கும் முகம்

இந்நோய்க்கு ஒரு கொடுமையான இயல்பு உண்டு. முகத்தின் தசைகள் விறைத்து, உணர்ச்சி வெளிப்படாமல் போகிறது. உள்ளே மகிழ்ச்சி இருக்கும். முகத்தில் சிரிப்பு வராது. பேரன் வந்து நமஸ்கரிக்கும்போது தாத்தாவின் உள்ளம் குளிர்ந்திருக்கும்; முகமோ கல்லாக இருக்கும். "தாத்தாவுக்கு என்மேல் கோபம்" என்று குழந்தை விலகும். கற்பூர ஆரத்தியின்போது கண் பனிக்கும் பக்தரின் முகம் அசைவற்றிருப்பதைக் கண்டு, "சிரத்தையே இல்லை" என்பார் ஒருவர். மகிழ்ந்திருப்பவரைச் சோகத்தில் இருப்பதாக எண்ணுவதும், உண்மையாகவே சோகத்தில் மூழ்கியவரை, "அவர் முகமே அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் இதனால் நேர்கின்றன.

கையெழுத்தும் மாறும். ஸ்ரீராமஜெயம் எழுதும் வழக்கமுள்ளவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் அளவாக இருக்கும் எழுத்து, போகப்போகச் சிறுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடும். வாசலில் போடும் கோலமும் இவ்வாறே சுருங்கக்கூடும். பலருக்கு மோப்ப உணர்வும் குறைகிறது. மல்லிகையின் மணமோ, துளசியின் வாசமோ, கற்பூரத்தின் நெடியோ தெரியாது. "சன்னிதியில் நின்றால் முன்போல் ஒன்றும் தோன்றவில்லை" என்று ஒருவர் கூறினால், அதைப் பக்தி வற்றிப்போனதாகக் கொள்ள வேண்டாம். எத்தனையோ ஆண்டுகளாக நாசி வழியே உள்ளத்தைத் தொட்ட கருவறையின் மணம் இப்போது அவரை எட்டவில்லை என்பதும் காரணமாயிருக்கலாம்.

வெட்கம் என்னும் இரண்டாம் நோய்

கை நடுங்கினால் குடிப்பழக்கம் என்று கருதுவோர் உண்டு. நடை தள்ளாடினால் அந்த ஐயம் உறுதிப்பட்டுவிடும். ஆயுளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத பெரியவருக்கு அத்தகைய பார்வை ஒன்றே போதும். அவர் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். உமிழ்நீர் தானே வழிவதும், சிறுநீரை அடக்க இயலாமையும் இந்நோயில் நேரக்கூடியவை. ஆசாரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு, "நான் சன்னிதிக்கு வரத் தகுதியுள்ளவனா?" என்னும் ஐயம் இவற்றால் எழுகிறது. யாரிடமும் கேட்க இயலாத கேள்வியாதலால், கோயிலுக்குப் போகாமல் இருப்பதையே விடையாக்கிக் கொள்கிறார்கள்.

குடும்பங்கள் மறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. "வெளியே தெரிந்தால் பேத்திக்கு வரன் அமையாது" என்று அஞ்சுகிறார்கள். இந்நோய் தொற்றுவதன்று. பெரும்பாலோருக்கு இது பரம்பரையாக வருவதும் அன்று. மறைப்பதனால் நோயாளிக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே: "நீ எங்களுக்கு அவமானம்." அவ்வாறு யாரும் வாயால் சொல்வதில்லை. விருந்தினர் வரும்போது அவரை உள் அறையில் அமர்த்துவதும், கல்யாணத்துக்கு அழைத்துச் செல்லாமல் விடுவதும் அதையே சொல்லிவிடுகின்றன.

உலகப் புகழ் பெற்றவர்களையும் இந்த வெட்கம் விட்டதில்லை. அமெரிக்க நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல், 29-ஆம் வயதில், இந்நோய் உறுதி செய்யப்பட்டது. 1998 வரை ஏழு ஆண்டுகள் அவர் அதை உலகிடமிருந்து மறைத்தார். வெளிப்படையாக அறிவித்த பின்னர், ஆய்வுக்கென ஓர் அறநிலையத்தை நிறுவி மற்ற நோயாளிகளுக்குத் துணை நின்றார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவருடைய கை நடுங்கியதை உலகமே கண்டது. அவர் கையை மறைத்துக்கொள்ளவில்லை. கண்டவர் யாரும் அவரை இழிவாக எண்ணவுமில்லை.

வெட்கத்தால் மறைக்கப்படும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் முதிர்ந்தபோதோ மருந்தின் விளைவாலோ சிலருக்கு இல்லாத உருவங்கள் தென்படுவதுண்டு. அறையின் மூலையில் ஒரு குழந்தை நிற்பதாகவும், பூனை ஓடுவதாகவும் கூறுவார்கள். இது காற்றுச் சேட்டையும் அன்று, ஏவலும் அன்று. மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் தெரிவித்தால், மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ இதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.

வினைப்பயன் என்று சொல்லலாமா?

"என்ன பாவம் செய்தாரோ!" என்னும் சொல்லை நோயாளியின் காதுபடச் சொல்வோர் உண்டு. பலர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். மனச்சோர்வின் இயல்பே குற்றவுணர்வைப் பெருக்குவது. என்றோ செய்த சிறு பிழைகளைத் தேடி எடுத்து, "அதற்குத்தான் இது" என்று கணக்குப் போடும் மனத்துக்கு இச்சொல் எரிகிற தீயில் வார்த்த நெய்யாகும்.

நோய் பாவத்தின் அடையாளமானால் மகான்களின் வாழ்வை எவ்வாறு விளங்கிக்கொள்வது? பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் வருந்தி 1886-இல் மகாசமாதி அடைந்தார். பகவான் ரமணருக்கு இடக்கையில் புற்றுக்கட்டி வந்து, மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 வரை அந்த உடலோடு அடியார்களுக்குத் தரிசனம் தந்தார். நாராயணீயம் அருளிய நாராயண பட்டத்திரி வாத நோயோடுதான் குருவாயூரப்பன் சன்னிதியில் அமர்ந்தார். இவர்களது நோயைக் கண்டு நாம் பாவக் கணக்குப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுப் பெரியவருக்கு மட்டும் அதை ஏன் பார்க்க வேண்டும்?

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் மனம் ஒடிந்த துயரம். உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்கவும் இயலவில்லை என்று வில்வீரருள் சிறந்தவன் சொல்லித் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறான். அத்துயரத்தையும் நம் பெரியோர் யோகம் என்றே அழைத்தனர். கண்ணன் அவனைக் கண்டித்ததும் உண்டு. ஆனால் கண்டித்துவிட்டுத் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் விடை கூறி, கடைசி வரை உடனிருந்தான்.

கோல் கொடுத்த இறைவன்

நடுக்கத்தைவிட ஊன்றுகோலுக்கு அஞ்சுவோர் மிகுதி. "கோலை ஊன்றினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்று அதை ஏற்காமல் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் திருவெண்பாக்கத்தை நினைவூட்ட வேண்டும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாருக்கு அளித்த வாக்கை மீறித் திருவொற்றியூரின் எல்லையைக் கடந்தபோது இரு கண்களும் ஒளி இழந்தன. வழி தெரியாமல் வருந்தி, திருவெண்பாக்கம் அடைந்து, இறைவனை நோக்கிக் குறையிரந்தார். இறைவன் உடனே கண்ணைத் தந்துவிடவில்லை. முதலில் தந்தது ஓர் ஊன்றுகோல். பிறகு காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. திருவெண்பாக்கத்து ஈசனுக்கு ஊன்றீசுவரர் என்பது திருநாமம். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய ஆலயம் இருந்த இடம் நீரில் மூழ்க, கோயில் அருகே எடுத்துக் கட்டப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ளது. வருத்தம் மேலிட்டுச் சுந்தரர் கோலை வீசினார் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றும் தலவரலாறு கூறுகிறது.

இவ்வரலாறு மூன்று ஆறுதல்களைத் தருகிறது. சுந்தரர் வாக்கு மீறியவர். அவருக்கே கோல் தந்த இறைவன், ஒரு பிழையும் செய்யாமல் நோயுற்றவரைத் தள்ளிவிடுவானா? கோல் இறைவனே தன் தோழருக்கு உவந்து தந்த பொருள். அதை ஊன்றிச் சன்னிதிக்கு வருவதில் என்ன இழிவு? இறைவனிடம் கோபித்துக்கொண்ட பின்னும் அவர் தம்பிரான் தோழராகவே இருந்தார், மனம் கசந்து, "உனக்குக் கண் இல்லையா?" என்று கேட்கும் நோயாளியின் பக்தி மட்டும் எவ்வாறு குறைந்துபோகும்?

மனச்சோர்வை எவ்வாறு அறிவது?

மந்தமான நடை, சோர்வு, தூக்கக் குறைவு ஆகியவை நடுக்குவாதத்திலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. ஆதலால் வீட்டார் சற்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போதல், காரணமின்றிக் கண்ணீர், உணவில் விருப்பமின்மை, விடியற்காலையில் விழித்துக்கொண்டு கலங்குதல், "நான் எல்லாருக்கும் பாரம்" என்னும் பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிலருக்கு மருந்தின் வேகம் குறையும் வேளைகளில் மட்டும் பயமும் சோகமும் திடீரென்று கவ்வும். அடுத்த வேளை மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் விலகும். எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துவைத்துக் காட்டினால், மருந்தின் நேரத்தை மருத்துவர் சீராக்குவார். இன்னும் சிலருக்குச் சோகம் இராது. எதிலும் அக்கறையே இல்லாமல் போகும். அதுவும் நோயின் கூறே. சோம்பல் என்று கடிந்துகொள்ளலாகாது.

"பகவான் என்னை எப்போது அழைத்துக்கொள்வாரோ?" என்று வயதானவர்கள் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். வழக்கம்தானே என்று கடந்துவிட வேண்டாம். அருகில் அமர்ந்து, "உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா? ஏதேனும் செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக விளைந்துவிடாது. சொல்லி ஆற ஒரு வழி பிறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

மருத்துவம் பல வகையில் உண்டு. முதலில் நடுக்குவாதத்துக்கான மருந்தின் அளவும் நேரமும் சரிபார்க்கப்படும். தேவையானால் மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் தரப்படும். அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. மன நல மருத்துவரிடம் போவதனால் யாருக்கும் பைத்தியம் என்ற பெயர் வந்துவிடாது. ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுவதும், நாள்தோறும் உடற்பயிற்சி செய்வதும் நல்ல பலன் தருபவை. உண்ணும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்திக்குத் தரப்படும் சில மருந்துகள் நடுக்குவாதத்தை மிகுவிக்கும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது; அதனாலேயே அதனை மருத்துவர் அறியாமல் மாத்திரையோடு சேர்த்து உண்பது தீங்கு தரலாம்.

ஆலயத்தில் நாம் செய்யத்தக்கவை

இந்நோயில் நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவது உண்டு. குறுகிய வாயிலையும் நிலைப்படியையும் கடக்கும்போது இது மிகுதியாக நேரும். கோயிலில் இவற்றுக்குக் குறைவில்லை. பின்னால் நிற்பவர்கள், "நகருங்கள்" என்று அவசரப்படுத்தினால் கால் மேலும் இறுகும். பிடித்து இழுக்கவோ தள்ளவோ கூடாது. ஒரு மூச்சு நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணியோ, திருநாமத்தைத் தாளமாகச் சொல்லியோ அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தரையில் குறுக்கே உள்ள கோடுகளைத் தாண்டுவதாக எண்ணி நடந்தால் கால் எளிதில் பெயரும் என்பது மருத்துவர்கள் பயிற்றும் உத்தி. பிராகாரத்தில் பாவிய கற்களின் இணைப்புகள் இதற்கு நன்கு உதவும்.

குரல் மெலிந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தருவது ஒன்றே: உரக்கச் சொல்லுங்கள். தினமும் வாய்விட்டுப் பாராயணம் செய்வதும், பஜனையில் கூடிப் பாடுவதும் இதற்கு இசைவானவை. ஆகவே பாராயணக் குழுவிலிருந்து அவரை விடுவிப்பதை உபகாரம் என்று எண்ணாதீர்கள். அவருக்குரிய இடத்தில் அமர்த்தி, வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தம் தருகையில் அவரது கையை மறு கையால் தாங்கிக்கொள்ள அருகிலிருப்பவர் துணை செய்யலாம். சாஷ்டாங்கமாக விழுந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து தலை சுற்றக்கூடும். நின்றபடியே கைகூப்புவதும் முழுமையான வணக்கமே. உபவாச நாளிலும் மாத்திரையை நேரம் தவறவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஆபத்து நேரலாம். லெவோடோபாவைப் பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக உண்ணச் சொல்வார்கள்; அவ்வாறாயின் பருப்பும் தயிரும் சேர்ந்த பிரசாதத்தை அதன்பின் பெற்றுக்கொள்ளலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளுள் பார்க்கின்சன் நோயும் ஒன்று. பெரிய கோயில்கள் பலவற்றில் சக்கர நாற்காலி கிடைக்கிறது. திருமலையில் மூத்தோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனித் தரிசன ஏற்பாடு உண்டு. இவற்றைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

உடனிருப்பவர்களுக்கு

நோயாளியின் துணைவியோ, கணவரோ, மருமகளோ தாங்கும் சுமை வெளியே தெரிவதில்லை. இரவில் பலமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்து, பகலில் பொத்தான் போட்டு, உணவூட்டி, அதற்கிடையே சமையலும் பார்ப்பவருக்கும் மனச்சோர்வு வரும். "என் கடமை" என்று அவர் வாய் திறவாதிருப்பார். வாரத்தில் ஒரு மாலை நோயாளியின் அருகே நீங்கள் அமர்ந்துகொண்டு, அவரைக் கோயிலுக்கு அனுப்பிவையுங்கள். அவருக்கு நீங்கள் செய்யும் கைங்கரியம் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருக்க இயலாது.

இந்நோயோடு இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைக் காணும்போது கை நடுக்கத்தைச் சொல்வதைப் போலவே மனத்தின் நிலையையும் சொல்லுங்கள். "மனம் சரியாக இல்லை டாக்டர்" என்னும் நான்கு சொற்கள் போதும். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். உங்கள் பூஜை நீண்டதா, சுருங்கியதா, மலர் நேராக விழுந்ததா, பக்கத்தில் விழுந்ததா என்று இறைவன் அளப்பதில்லை. நடுங்கும் விரல்களால் இட்ட மலரும் திருவடியில்தான் சேர்கிறது.